இருளில் உறங்கி ஒளியில் விழிக்கும் மருந்து

பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு



ஒளி என்றதும் நம் நினைவுக்கு வருபவை கதிரவனும் விளக்கும். பச்சை இலை ஒளியைக் கொண்டு உணவு தயாரிக்கிறது என்று சிறு வகுப்பிலிருந்தே படித்து வருகிறோம். அதே ஒளியைக் கொண்டு புற்றுநோய்க் கட்டியையும் அழிக்கலாம் என்றால் வியப்பாக இருக்கிறதல்லவா? எக்ஸ் கதிர் வேண்டாம், கோபால்ட் கதிர் வேண்டாம், வெறும் சிவப்பு ஒளி போதும். அந்த ஒளி தனியாக நம்மை ஒன்றும் செய்யாது. ஒரு சாயத்தோடு சேர்ந்தால்தான் அதற்கு வலிமை வரும். அந்தச் சாயமும் இருட்டில் கிடக்கும் வரை பரம சாது. இவ்விரண்டும் ஓரிடத்தில் சந்தித்து, அங்கே ஆக்ஸிஜனும் இருந்துவிட்டால், அந்த இடத்துச் செல்கள் பிழைப்பதில்லை. இதற்கு ஒளியியக்கச் சிகிச்சை என்று பெயர்.

இச்சிகிச்சையைப் பற்றி எங்கள் விஞ்ஞான ஆசிரியை வகுப்பில் சொன்னபோது, ஒரு தோழி எழுந்து கேட்டாள்: "சிஸ்டர், அந்தச் சாயம் உடம்பு முழுக்கப் பரவாமல் கட்டிக்கு மட்டும் எப்படிப் போகும்?" அவளுடைய பாட்டிக்கு வாயில் புற்றுநோய். கதிர்வீச்சுச் சிகிச்சை கொடுத்தார்கள். கட்டி கரைந்தது. ஆனால் உமிழ்நீர் வற்றிப்போனதால், ரசம் விட்டுக் குழைத்த சோற்றைக்கூடத் தண்ணீரோடு சேர்த்தே விழுங்குகிறார் அந்தப் பாட்டி. நோயை அழித்த கதிர் நோயில்லாத இடத்தையும் தொட்டுவிட்டது. எனவே அவள் கேட்டது பாடக் கேள்வி மட்டுமல்ல என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். அக்கேள்விக்கு விடை தேடி நூலகத்திலும் பிற இடங்களிலும் நாங்கள் படித்தறிந்தவற்றை இங்கே உங்களோடு பகிர்ந்து கொள்கிறோம்.

மருந்தும் ஒளியும் சேர்ந்து வேலை செய்யும் என்பது நம் நாட்டுக்குப் புதிதன்று. நாட்டு மருந்துக் கடையில் கார்போகரிசி என்று ஒரு கருநிற விதை கிடைக்கும். நம் வீடுகளில் குளியல் பொடிக்கு அரைக்கும்போது சேர்ப்பார்களே, அதுதான். வெண்புள்ளி விழுந்த தோலில் இவ்விதையின் மருந்தைப் பூசி வெயிலில் இருக்கச் சொல்வது மிகப் பழைய வைத்தியம். விதையிலுள்ள சோராலன் என்னும் பொருள் சூரிய ஒளியின் புற ஊதாக் கதிர் பட்டதும் தோலில் வேலை செய்கிறது. பிற்காலத்தில் மேல்நாட்டு டாக்டர்களும் சோராலனையும் புற ஊதா விளக்கையும் சேர்த்துத் தோல் நோய்களுக்குச் சிகிச்சை செய்தார்கள். (இதைப் படித்துவிட்டு யாரும் கார்போகரிசியைப் பூசிக்கொண்டு மைதானத்தில் நிற்க வேண்டாம். தோல் வெந்து கொப்பளித்துவிடும்.)

ஆனால் ஒளியியக்கச் சிகிச்சையின் கதை ஜெர்மனியில் மியூனிக் நகரில் தொடங்குகிறது. அங்கே ஹெர்மன் ஃபான் டப்பைனர் என்னும் பேராசிரியரிடம் ஆஸ்கார் ராப் என்ற மருத்துவ மாணவர் ஆராய்ச்சி செய்து வந்தார். பரமீசியம் என்னும் ஒரு செல் உயிரியை நாம் படத்தில் வரைந்திருக்கிறோம் அல்லவா, செருப்பு வடிவில்? அதை அக்ரிடின் என்னும் சாயக் கரைசலில் விட்டு, எவ்வளவு நேரத்தில் சாகிறது என்று கணக்கெடுப்பது அவர் வேலை. அதே சாயம், அதே அளவு. ஆனால் ஒரு நாள் சீக்கிரம் செத்தன, இன்னொரு நாள் நெடுநேரம் நீந்திக்கொண்டே இருந்தன. வேறு ஒருவராக இருந்தால் ஏதோ கைத்தவறு என்று கணக்கை அடித்துவிட்டு மறுபடி தொடங்கியிருப்பார். ராப் அப்படிச் செய்யவில்லை. அன்றன்று வெளிச்சம் எப்படி இருந்தது என்று யோசித்தார். இடியும் மழையுமாக வானம் இருண்டிருந்த நாளில்தான் அவை பிழைத்தன என்று சொல்லப்படுகிறது. பிறகு வேண்டுமென்றே இருட்டிலும் வெளிச்சத்திலும் வைத்துப் பார்த்தார். சாயம் தனியாகக் கொல்லவில்லை, ஒளியும் தனியாகக் கொல்லவில்லை, இரண்டும் சேர்ந்தே கொன்றன. 1900-ஆம் ஆண்டில் இதை வெளியிட்டார். ஒரு மாணவர் கண்டுபிடித்தது என்பதில் எங்களுக்குத் தனி மகிழ்ச்சி.

1903-இல் டப்பைனரும் யெசியோனெக் என்னும் தோல் மருத்துவரும் சேர்ந்து, தோலில் வந்த புற்றுக்கட்டிகளில் ஈயோசின் சாயத்தைப் பூசி ஒளி காட்டிப் பார்த்தார்கள். அதே ஆண்டில், தோலில் வரும் காசநோயை ஒளியால் குணப்படுத்தியதற்காக டென்மார்க் நாட்டு டாக்டர் நீல்ஸ் ஃபின்சென் நோபல் பரிசு பெற்றார் என்பதையும் இங்கே நினைவு கூரலாம். சாயம் வேலை செய்ய ஆக்ஸிஜனும் தேவை என்பதையும் டப்பைனரின் குழுவினரே கண்டறிந்தனர்.

இனி, அந்த மூன்றும் சந்திக்கும்போது என்னதான் நடக்கிறது என்று காண்போம். சாயத்தின் மூலக்கூறு ஒளியை விழுங்கிக் கிளர்ச்சியடைகிறது. அந்தச் சக்தியை அது அருகிலிருக்கும் ஆக்ஸிஜன் மூலக்கூறுக்குக் கைமாற்றி விடுகிறது. நாம் சுவாசிக்கும் சாந்தமான ஆக்ஸிஜன், ஒற்றைநிலை ஆக்ஸிஜன் என்னும் முரட்டு வடிவம் எடுக்கிறது. எதிர்ப்படும் கொழுப்பையும் புரதத்தையும் தாக்கிச் சிதைக்கிறது. ஆனால் அதன் ஆயுள் நம்மால் எண்ணிப் பார்க்கவே முடியாத அளவு குறைவு. கம்பி மத்தாப்பிலிருந்து தெறிக்கும் பொறி தரையைத் தொடுமுன் அணைந்துவிடுவதைப் போல, பிறந்த இடத்திலிருந்து சில பத்து நானோமீட்டர் போவதற்குள் அது முடிந்துவிடும். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறாக்கினால் அதில் ஒரு கூறுதான் நானோமீட்டர். நம் உடலின் ஒரு செல்லோ பத்தாயிரம் நானோமீட்டர் அளவு கொண்டது. எனவே சாயம் எந்தச் செல்லில் இருக்கிறதோ, அந்தச் செல்லோடு அழிவு நின்றுவிடும். அடுத்த வீட்டுக்குத் தீ பரவாது. பாட்டியின் உமிழ்நீர்ச் சுரப்பியைச் சுட்ட கதிருக்கு இல்லாத நிதானம் இதற்கு உண்டு. இந்த ஒரு குணத்துக்காகத்தான் விஞ்ஞானிகள் நூறாண்டுக்கு மேலாக இதை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று எங்களுக்குத் தோன்றுகிறது.

சாயம் தோலிலும் தங்கிவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு துணிச்சல்காரர் சாட்சி. 1912-இல் மேயர்-பெட்ஸ் என்னும் ஜெர்மானிய டாக்டர், இரத்தத்தின் சிவப்புப் பொருளிலிருந்து எடுக்கப்படும் ஹெமட்டோபார்ஃபிரின் என்னும் சாயத்தில் 200 மில்லிகிராமைத் தம் உடம்பிலேயே ஊசி மூலம் ஏற்றிக்கொண்டார். வெளியே வெயிலில் போனதும் முகமும் கைகளும் வீங்கி அடையாளம் தெரியாமல் போய்விட்டன. இரண்டு மாதங்களுக்கு மேல் அவரால் வெயில் தாங்க முடியவில்லை.

அதே வகைச் சாயத்தைப் பலர் மேலும் மேலும் சுத்தப்படுத்தினர். அமெரிக்காவில் பஃபலோ நகரத்து ராஸ்வெல் பார்க் புற்றுநோய் நிலையத்தில் தாமஸ் டோகர்ட்டி என்னும் வேதியியலார் 1975-இல் அதைக் கொண்டு எலிகளின் கட்டிகளைக் குணப்படுத்தினார். 1978-இல் அவர் குழுவினர் 25 நோயாளிகளின் முடிவை வெளியிட்டனர். தோலிலும் தோலுக்கடியிலும் இருந்த 113 கட்டிகளுள் 98 முழுவதும் மறைந்தன, 13 ஓரளவு கரைந்தன, இரண்டு மட்டும் அசையவில்லை. போட்டோஃபிரின் என்று பெயர் பெற்ற அந்த மருந்துக்கு 1993-இல் கனடாவும், 1995-இல் அமெரிக்காவும் அனுமதி அளித்தன. கனடாவில் சிறுநீர்ப்பைக்கு, அமெரிக்காவில் உணவுக்குழாய் அடைபட்டு விழுங்க முடியாமல் தவித்தவர்களுக்கு. மருந்தை நரம்பில் ஏற்றி, 40 முதல் 50 மணி நேரம் காத்திருந்து, மெல்லிய கண்ணாடி இழை வழியாக 630 நானோமீட்டர் அலைநீளமுள்ள சிவப்பு ஒளியை உள்ளே செலுத்துவார்கள். கண்ணாடி இழைக்குள் ஒளி வெளியே சிந்தாமல் வளைந்து போவது எப்படி என்பது நம் பௌதிகப் பாடத்தில் வரும் முழு அக எதிரொளிப்புதான்.

ஏன் சிவப்பு ஒளி? இதை இன்றிரவே நீங்கள் சோதித்துப் பார்க்கலாம். அறையை இருட்டாக்கி, டார்ச் விளக்கின் முகத்தை உள்ளங்கையால் மூடுங்கள். உள்ளே இருப்பது வெள்ளை ஒளி. விரலிடுக்கில் வெளியே வருவது சிவப்பு மட்டும். மற்ற நிறங்களை இரத்தத்தின் ஹீமோகுளோபின் பெரும்பாலும் விழுங்கிவிடுகிறது. சிவப்பும் அதற்கு அப்பாலுள்ள அகச்சிவப்பின் தொடக்கமுந்தான் சதைக்குள் சற்றுத் தூரம் நுழைய வல்லவை. அந்தத் தூரமும் அதிகமில்லை. போட்டோஃபிரினை எழுப்பும் ஒளி ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் ஆழத்துக்கு மேல் பயன்படாது. அதனால்தான் தோல், வாய், உணவுக்குழாய், மூச்சுக்குழாய், சிறுநீர்ப்பை என்று ஒளி எட்டும் இடங்களிலேயே இச்சிகிச்சை நடைபெறுகிறது. உடம்பெங்கும் பரவிவிட்ட நோய்க்கு இது உதவாது.

போட்டோஃபிரினுக்கு இரண்டு குறைகள் உண்டு. சிவப்பு ஒளியை அது மிகக் கொஞ்சமாகவே ஏற்கிறது என்பது ஒன்று. மற்றொன்று மேயர்-பெட்ஸ் பட்ட பாடு: சாயம் தோலிலும் தங்குவதால், மருந்து ஏற்றிக்கொண்டவர் குறைந்தது 30 நாள் வெயிலில் தலைகாட்டக் கூடாது. சித்திரை மாதத்தில் நம் ஊரில் ஒரு நோயாளிக்கு இப்படிச் சொன்னால் அவர் எங்கே போவார்? வயலுக்குப் போக வேண்டியவர், சந்தைக்குக் கூடை சுமக்க வேண்டியவர் ஒரு மாதம் ஜன்னலை மூடிக்கொண்டு இருக்க முடியுமா? எங்களுக்கு இது சிறிய குறையாகத் தோன்றவில்லை.

பச்சையத்திலிருந்தும் வேறு பொருள்களிலிருந்தும் புதிய சாயங்களைச் செய்தார்கள். அவை சிவப்பு ஒளியை நன்றாக ஏற்றன. ஆனால் அவற்றுள் பல தண்ணீரில் கரைய மறுத்தன. ஒரு சிட்டிகை மஞ்சள்தூளைத் தண்ணீரில் போட்டால் கரையாமல் அடியில் படியும்; சூடான எண்ணெயில் போட்டால் எண்ணெயே மஞ்சளாகிவிடும். இச்சாயங்களும் அந்த ஜாதிதான். இரத்தமோ பெரும்பாலும் தண்ணீர். அதில் விட்டால் சாய மூலக்கூறுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டிகட்டியாகிவிடும். அப்படி ஒட்டிக்கொண்டவை ஒளி பட்டாலும் விழிப்பதில்லை.

இங்கேதான் பாலிமர் வருகிறது. நம் பாடப்புத்தகத்தில் பலபடி என்று போட்டிருக்கிறதே, அதுதான். ஒரே மாதிரிச் சிறு மூலக்கூறுகள் நூற்றுக்கணக்கில் கைகோத்து உண்டாகும் நீண்ட சங்கிலி. பாலிதீன் பையும் நைலான் கயிறும் மட்டும் பாலிமர் என்று எண்ண வேண்டாம். அரிசியின் மாவுப்பொருளும் பஞ்சும் பட்டும் பாலிமர்களே.

எண்ணெய்ப் பாத்திரத்தைச் சோப்பும் சீயக்காயும் எப்படிச் சுத்தம் செய்கின்றன என்று நினைத்துப் பாருங்கள். சோப்பு மூலக்கூறின் ஒரு முனைக்குத் தண்ணீர் பிடிக்கும். மறுமுனைக்கு எண்ணெய் பிடிக்கும். தண்ணீரில் அவை வட்டமாகக் கூடி, எண்ணெய் விரும்பும் முனைகளை உள்ளே மறைத்து, நுண்ணிய உருண்டையாகின்றன. அழுக்கெண்ணெய் அந்த உருண்டைக்குள் அகப்பட்டுத் தண்ணீரோடு போய்விடுகிறது. பாலிமர் வேதியியலார் இதையே கையாண்டனர். தண்ணீரை விரும்பும் பாலிஎத்திலீன் கிளைக்கால் சங்கிலியையும் எண்ணெயை விரும்பும் பாலிலாக்டிக் அமிலச் சங்கிலியையும் நுனியோடு நுனி இணைத்தால், தண்ணீரில் அவை தாமே உருண்டையாகின்றன. உள்ளே சாயம் ஒளிந்துகொள்ளும். வெளியே தண்ணீர்ச் சட்டை. நம் உடலின் காவலாளிகளான வெள்ளணுக்கள் அதை எளிதில் அடையாளம் காண்பதில்லை. உருண்டையின் அளவு 50 நானோமீட்டர் என்று வைத்துக்கொண்டால், ஓர் இரத்தச் சிவப்பணுவின் அகலத்துக்கு 150 உருண்டைகளை வரிசையாக அடுக்கலாம்!

வேலை முடிந்தபின் அந்தப் பாலிமர் உடம்புக்குள்ளேயே கிடக்குமோ என்று அம்மாமார்கள் கவலைப்படலாம். பாலிலாக்டிக் அமிலமும் அதன் உறவான பாலிகிளைக்காலிக் அமிலமும் மெல்ல நீரால் உடைந்து சிறு அமிலங்களாகி வெளியேறிவிடும். அவற்றுள் லாக்டிக் அமிலம் நம் வீட்டுத் தயிரில் இருப்பதுதான். ஆபரேஷனுக்குப் பின் பிரிக்க வேண்டாத, தானே கரையும் தையல் நூலை இந்த வகைப் பாலிமரால்தான் செய்கிறார்கள். ஆகவே டாக்டர்களுக்கு இது பழகிய பொருள்.

சரி, உருண்டை கட்டிக்குள் எப்படிப் போகும்? 1986-இல் ஜப்பானில் குமமோட்டோ பல்கலைக்கழகத்து மட்சுமுராவும் மயேடாவும் ஓர் உண்மையைக் கண்டனர். கட்டி வேகமாக வளர்வதால் அதன் இரத்தக் குழாய்கள் அவசர அவசரமாகக் கட்டிய வீட்டைப் போல இருக்கின்றன, சுவரெல்லாம் சந்து. நல்ல குழாயில் ஒழுகாத பெரிய மூலக்கூறுகள் அங்கே ஒழுகி வெளியேறுகின்றன. அந்த அவசரத்தில் கட்டிக்குச் சரியான வடிகாலும் அமைவதில்லை. அதனால் உள்ளே நுழைந்தவை திரும்பிப் போக வழியின்றித் தேங்குகின்றன. மயேடாவின் குழுவினர் ஒரு பாலிமரோடு புற்றுநோய் மருந்தொன்றை இணைத்துச் செய்த மருந்து, ஈரல் புற்றுக்காக ஜப்பானில் 1993-இல் அனுமதி பெற்றது. நோயின் அவசர புத்தியே அதற்கு எதிராகத் திரும்பியதைப் படித்தபோது நாங்கள் மேசையைத் தட்டாத குறை!

உருண்டை ஒரு வழி. இன்னொரு வழியை ஜெர்மனியின் ஹெல்முட் ரிங்ஸ்டார்ஃப் 1975-இலேயே வரைந்து காட்டினார்: ஒரு நீண்ட பாலிமர் சங்கிலியை நார் போல வைத்துக்கொண்டு, அதில் மருந்தையும், தண்ணீரில் கரைய உதவும் பொருளையும், போக வேண்டிய முகவரியையும் தொடுத்துவிடுவது. நாம் பூத் தொடுப்பதில்லையா, மல்லிகைக்கு நடுவே கனகாம்பரமும் மரிக்கொழுந்தும் வைத்து? அது போலத்தான்.

இந்த நார் முறையில் நாங்கள் படித்தவற்றுள் எங்களுக்கு மிகவும் பிடித்தது அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் 2006-இல் வெளியான ஓர் ஆராய்ச்சி. பாலிலைசின் என்னும் பாலிமர் நாரில், பச்சையத்திலிருந்து செய்யப்படும் குளோரின் ஈ-6 என்னும் சாயத்தை மிக நெருக்கமாகத் தொடுத்தார்கள். (குடிநீர்த் தொட்டியில் போடும் குளோரின் வேறு, பெயர் மட்டும் ஒன்று.) சாய மூலக்கூறுகள் அப்படி நெருங்கியிருந்தால் ஒளியைப் பெற்றாலும் ஒன்றின் சக்தியை மற்றொன்று வாங்கி வீணாக்கிவிடும். எனவே ஒளி காட்டினாலும் ஒளிர்வும் இல்லை, அழிவும் இல்லை. சற்று முன் குறை என்று சொன்னோமே, ஒட்டிக்கொண்டால் விழிக்காது என்று, அதையே இவர்கள் பூட்டாகப் பயன்படுத்திக்கொண்டார்கள்! இனித் திறவுகோல் வேண்டுமே? கதெப்சின் என்னும் நொதிகள் புரதச் சங்கிலியை வெட்டக் கூடியவை. பல புற்றுக்கட்டிகளில் அவை மிகுந்திருக்கின்றன. மாலை கட்டிக்குள் போனதும் நொதி நாரை அங்கங்கே வெட்டுகிறது. சாயங்கள் விடுபட்டு விலகுகின்றன. அப்போது ஒளி காட்டினால், முதலில் ஒளிர்ந்து "இங்கே இருக்கிறது கட்டி" என்று காட்டிக் கொடுக்கின்றன. ஒளியைக் கூட்டினால் அந்த இடத்தையே அழிக்கின்றன. நொதி இல்லாத நல்ல இடத்தில் மாலை மாலையாகவே உறங்கும். எலிகளில் இதைச் செய்து காட்டினார்கள்.

கட்டியை ஒளிரச் செய்து பார்ப்பது என்பது தனியே ஒரு பெரிய கதை. 1924-இல் பிரான்சு நாட்டில் பொலிகார் என்பவர், எலியின் கட்டிகளில் புற ஊதா விளக்கைக் காட்டியபோது அவை தாமாகவே செந்நிறத்தில் ஒளிர்வதைக் கண்டார். காரணம், மேலே சொன்ன பார்ஃபிரின் வகைப் பொருள்கள் அங்கே சேர்ந்திருந்ததே. நம் உடல் இரத்தத்தின் சிவப்புப் பொருளைச் செய்யும்போது, கடைசிப் படியில் இரும்பைப் பொருத்துவதற்கு முன் இப்படியொரு பொருள் உண்டாகிறது. அமினோலெவ்யுலினிக் அமிலம் என்னும் எளிய பொருளைக் குடிக்கக் கொடுத்தால், சில வகைக் கட்டிகளில் அது மிகுதியாகத் தேங்குகிறது. ஜெர்மனியில் வால்டர் ஷ்டும்மர் என்னும் மூளை அறுவை நிபுணரும் அவர் குழுவினரும் நீல ஊதா ஒளியில் கட்டி செம்மையாய் ஒளிர்வதைப் பார்த்தே வெட்டினார்கள். மூளையில் ஒரு நெல்மணி அளவு அதிகம் வெட்டினாலும் பேச்சோ கை அசைவோ போய்விடலாம். குறைத்து வெட்டினால் நோய் மீதமிருக்கும். 2006-இல் வெளியான அவர்கள் முடிவு இது: சாதாரண வெளிச்சத்தில் செய்தபோது 100-க்கு 36 பேருக்கே கட்டியை முழுவதும் எடுக்க முடிந்தது, ஒளிர்வைப் பார்த்துச் செய்தபோது 65 பேருக்கு முடிந்தது. 2017-இல் அமெரிக்காவும் இம்முறைக்கு அனுமதி அளித்தது.

பார்ப்பதையும் அழிப்பதையும் ஒரே துகளில் அடக்க மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் முயன்றனர். பாலிஅக்ரிலமைடு என்னும் பாலிமர் துகளுக்குள் போட்டோஃபிரினையும் இரும்பு ஆக்ஸைடையும் வைத்தார்கள். இரும்பு, எம்.ஆர்.ஐ. படத்தில் கட்டியைத் துலக்கிக் காட்டும். சாயம், கண்ணாடி இழை வழியே வரும் ஒளிக்குக் காத்திருக்கும். துகளின் மேலே, கட்டியின் இரத்தக் குழாயைத் தேடிப் பற்றும் ஒரு சிறு புரதத் துண்டை முகவரி போல ஒட்டினார்கள். மூளைக் கட்டி கண்ட எலிகளுள், முகவரி ஒட்டிய துகளும் ஒளியும் பெற்றவை மற்றவற்றைவிட அதிக நாள் வாழ்ந்தன என்று 2006-இல் அறிவித்தனர்.

இவ்வளவையும் படித்தபின், தோழியின் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது என்றே நாங்கள் எண்ணினோம். அப்போதுதான் கனடாவின் டொரண்டோ பல்கலைக்கழகத்தார் 2016-இல் வெளியிட்ட கணக்கு கண்ணில் பட்டது. அதற்கு முந்தைய பத்தாண்டில் வெளியான நானோ துகள் ஆராய்ச்சிகளைத் திரட்டி, ஊசியில் ஏற்றிய துகளில் எவ்வளவு கட்டிக்குள் சேர்ந்தது என்று பார்த்திருக்கிறார்கள். நடுவாக எடுத்தால் 0.7 சதவீதம். ஆயிரம் துகள் ஏற்றினால் ஏழு! மற்றவற்றுள் பெரும்பகுதியை ஈரலும் மண்ணீரலும் பிடித்து வைத்துக்கொள்கின்றன. எலிக்கு வைக்கும் கட்டி சில வாரங்களில் வளர்வது. மனிதனின் கட்டியோ பல ஆண்டுகள் வளர்ந்திருக்கலாம். எலியின் கட்டியில் இருக்கும் ஒழுகல் மனிதனின் கட்டியில் எப்போதும் அந்த அளவு இருப்பதில்லை. ஒரே மனிதனிடத்தில்கூட இடத்துக்கு இடம் மாறுகிறது.

இதைக் கேட்டதும் வகுப்பில் சிலர் சோர்ந்துபோனார்கள். "ஏழு போதாதா?" என்று வேறு சிலர் வாதிட்டார்கள். அந்த வாதத்திலும் பொருள் உண்டு. சாதாரண விஷ மருந்தாக இருந்தால், ஈரலில் தங்கிய துகள்கள் ஈரலைக் கெடுக்கும். ஒளியால் எழும் மருந்தோ ஈரலின் இருட்டில் தூங்கிக்கொண்டிருக்கும். அங்கே யாரும் விளக்குப் பிடிக்கப் போவதில்லை. வழி தவறிய துகளையும் இருட்டு காக்கிறது என்பதால், மற்ற நானோ மருந்துகளைவிட இதற்கு நம்பிக்கை சற்று அதிகம் என்பது எங்கள் எண்ணம். ஆயினும் ஏழைப் பத்தாகவோ நூறாகவோ ஆக்கும் வழி தெரிந்தாக வேண்டும். ஒளிச்சாயம் சுமக்கும் பாலிமர் துகள்கள் பெரும்பாலும் எலிக்கூண்டைத் தாண்டி வராததற்கு இதுவும் ஒரு காரணம். மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தவை வேறு வகையின. கொழுப்பு உருண்டைக்குள் வைத்த வெர்டிபோர்ஃபின் என்னும் ஒளிச்சாயம் ஒரு கண் நோய்க்காக 2000-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. கட்டியை அடையாளம் காணும் எதிர்ப்புரதத்தில் சாயத்தை ஒட்டிச் செய்த மருந்துக்குத் தலை, கழுத்துப் புற்றுநோய்க்காக 2020-இல் ஜப்பான் அனுமதி தந்தது.

தோழியின் பாட்டிக்கு வந்த நோயைப் பற்றி இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். வெற்றிலையோடு புகையிலையையும் அடக்கிக்கொள்ளும் பழக்கத்தால் நம் நாட்டில் வாய்ப் புற்றுநோய் அதிகம். ஆனால் வாய், திறந்தால் ஒளி எட்டும் இடம். ஈரலையும் மண்ணீரலையும் ஏமாற்றிவிட்டு அங்கே போக வேண்டிய தொல்லை குறைவு. பாஸ்டன் நகரத்து ஆராய்ச்சியாளர்களும் அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரி டாக்டர்களும் சேர்ந்து, தொடக்க நிலையிலுள்ள வாய்ப் புற்றுக்கு இச்சிகிச்சையைச் செய்து பார்த்திருக்கிறார்கள். விலை மிகுந்த லேசர் இயந்திரம் அவர்களிடம் இல்லை. மின்சாரம் நின்றாலும் எரியும்படி பேட்டரியில் இயங்கும் எல்.இ.டி. விளக்கு, மருந்தாக அமினோலெவ்யுலினிக் அமிலம், கட்டியைப் படமெடுக்க ஒரு கைப்பேசி. பெரும்பாலோருக்குக் கட்டி மறைந்தது. சிகிச்சைக்கு முன் எடுத்த படத்தில் கட்டி சிவப்பாக ஒளிர்கிறது. ஒளி காட்டக் காட்ட அச்சிவப்பு மங்கிக்கொண்டே வருகிறது. சாயம் தன் வேலையைச் செய்து தீர்ந்துகொண்டிருக்கிறது என்பதற்கு அதுவே அடையாளம். விளக்கை எப்போது அணைக்கலாம் என்று டாக்டர் அதைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம்.